வயோன்ட் நீர்த்தேக்கம், 1960–1963: நீர்மட்டத்தைக் கொண்டு ஒரு மலையைக் கட்டுப்படுத்த முயன்ற நிகழ்வு

இத்தாலியின் வடகிழக்கில், வெனிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், வயோன்ட் என்ற சிற்றாறு குறுகிய மலையிடுக்கு ஒன்றின் வழியாக இறங்கிப் பியாவே ஆற்றில் கலக்கிறது. அந்த இடுக்கில் கட்டப்பட்ட அணைக்குப் பின்னே 1963 அக்டோபர் 9ஆம் தேதி இரவு ஒரு மலைச்சரிவு முழுவதும் நீருக்குள் இறங்கியது. அது எழுப்பிய அலையில் ஏறத்தாழ 1,900 பேர் இறந்தனர். இதை அணை விபத்து என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அணை உடையவில்லை. இன்றும் அங்கேயே நிற்கிறது. இங்கு ஆராயப்படுவது, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாகக் கண்முன்னே நகர்ந்துகொண்டிருந்த ஒரு மலையை அளந்தவர்கள் அந்த அளவீடுகளிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்கள், அந்த முடிவு அவர்களுக்கு ஏன் நியாயமாகத் தோன்றியது என்பதே. தொடர்புடைய தனிநபர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட இத்தாலியின் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. பியாவே ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் குழாய்களாலும் சுரங்கங்களாலும் இணைத்து ஒரே நீர்மின் அமைப்பாக்கும் திட்டம் ஒரு தனியார் மின் நிறுவனத்திடம் இருந்தது. மழையும் பனியுருகலும் மிகுந்த மாதங்களின் நீரைச் சேர்த்துவைக்கும் பெருந்தொட்டியாக வயோன்ட் பள்ளத்தாக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திற்குத் திட்டமிடப்பட்ட அணை, 1957இல் திருத்தப்பட்ட வரைவில் 260 மீட்டரைத் தாண்டியது. கொள்ளளவும் இரு மடங்குக்கு மேல் கூடி, ஏறத்தாழ 15 கோடி கனமீட்டராயிற்று. கட்டி முடிக்கப்பட்டபோது அதன் உயரம் 261.6 மீட்டர். உச்சியில் 3.4 மீட்டர் தடிப்பும் அடியில் 27 மீட்டர் தடிப்பும் கொண்ட இந்த இரட்டை வளைவு (கிடையாகவும் செங்குத்தாகவும் வளைந்த) காங்கிரீட் அணையே அன்று அவ்வகையில் உலகிலேயே உயரமானது.

அணையின் அடித்தளமும் இரு பக்கப் பாறைகளும் மிகுந்த கவனத்தோடு ஆராயப்பட்டன. அணைக்குப் பின்னே நீர் தொடப்போகும் சரிவுகள் அந்தக் கவனத்தைப் பெறவில்லை. அக்காலப் பொறியியல் வழக்கமே அப்படித்தான் இருந்தது என்பதால் இதைத் தனி ஒருவரின் அலட்சியமாகக் கொள்வது சரியாகாது. எனினும் உயரம் கூட்டப்பட்ட அன்றே நீரில் மூழ்கவிருந்த சரிவின் பரப்பும் கூடியது என்ற எளிய கணக்கு எவர் மேசையிலும் தனியாக எழவில்லை.

மலையைப் பற்றி முன்பே தெரிந்தவை

நீர்த்தேக்கத்தின் தென்கரையில் நின்றது தொக் மலை. வட்டாரப் பேச்சில் அப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'பதோக்' என்ற சொல்லுக்கு ஊறிப்போனது, இற்றுப்போனது என்று பொருள். நாம் 'சொதசொத' என்று சொல்வதற்கு அருகில் வரும். நடக்கும் மலை என்றும் அவ்வூரார் அதைச் சொல்லி வந்தனர். எர்தோ, காஸ்ஸோ ஆகிய சிற்றூர்களின் மக்கள் அந்தச் சரிவில் புல்வெளியும் மாட்டுக்கொட்டிலும் வைத்திருந்தவர்கள்; மண் அசைவதை அவர்கள் அளந்ததில்லை, ஆனால் அறிந்திருந்தார்கள்.

1959 மார்ச் 22ஆம் தேதி, அதே நிறுவனத்தின் அருகிலுள்ள பொந்தேசெய் நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம் கனமீட்டர் மண்ணும் பாறையும் சரிந்து, சுமார் 20 மீட்டர் அலை எழும்பி, கரையில் இருந்த பணியாளர் ஒருவரை அடித்துச் சென்றது. நீர்த்தேக்கத்தின் சரிவுகள் விழக்கூடும், விழுந்தால் அலை எழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வயோன்ட் சரிவுகளை விரிவாக ஆராயும் பணி இதன் பின்னரே தொடங்கியது. அப்போது அணை பெரும்பாலும் எழுந்துவிட்டிருந்தது.

அந்த ஆய்வில் ஈடுபட்ட இரண்டு இளம் நிலவியலாளர்கள், தொக் மலையின் வடசரிவு திடமான பாறை அன்று, முன்னொரு காலத்தில் சரிந்து வந்து தங்கிய பெரும் பாறைத்திரள் என்று கண்டனர். அவர்களுள் ஒருவர் அணையை வடிவமைத்த பொறியாளரின் மகன் என்பது இந்நிகழ்வின் துயரமான ஓர் உட்செய்தி. நீர் ஏறினால் அத்திரள் மீண்டும் நகரலாம் என்று அவர்கள் 1960 ஜூனில் எழுத்தில் எச்சரித்தனர். மூத்த வல்லுநர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. அத்தனை பெரிய பழஞ்சரிவு இருக்க முடியாது, மேற்பரப்பில் 10, 20 மீட்டர் ஆழத்திற்குத் தளர்ந்த பாறை மட்டுமே நகரக்கூடும் என்று கருதினர். 1960இல் இறக்கப்பட்ட மூன்று துளைகளிலும் சரிவுத்தளம், அதாவது நகரும் பாறை வழுக்கிச் செல்லும் அடிப்பரப்பு, தென்படவில்லை. அது இல்லாததால் தென்படவில்லையா, துளைகள் அதன் ஆழத்தை எட்டாததால் தென்படவில்லையா என்ற கேள்வி அங்கேயே நின்றுபோயிற்று. பின்னாளில் தெரியவந்தது இரண்டாவது.

முதல் நிரப்பல், 1960

1960 பிப்ரவரியில் நீர் தேக்கப்படத் தொடங்கியது. இக்கட்டுரையில் வரும் நீர்மட்டங்கள் யாவும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. அணையின் உச்சி 722.5 மீட்டரில் இருந்தது. அக்டோபரில் மட்டம் 635 மீட்டரைத் தாண்டியபோது தொக் மலையின் மேற்சரிவில் ஒரு விரிசல் தோன்றியது. ஆங்கில எம் எழுத்தின் வடிவில், ஏறத்தாழ 2 கி.மீ. நீளத்திற்கு, இடத்திற்கு இடம் ஒரு மீட்டர் வரை வாய் திறந்து கிடந்த அந்தக் கோடு, நகரப்போகும் பகுதியின் மேல் எல்லையை மலையின் மீதே வரைந்து காட்டிவிட்டது. சரிவு நாளொன்றுக்கு 3 செ.மீ. அளவில் கீழிறங்கியது. நவம்பர் 4ஆம் தேதி, மட்டம் 650 மீட்டரில் இருந்தபோது, அதன் முன்பகுதியிலிருந்து 7 லட்சம் கனமீட்டர் பாறை பத்து நிமிடங்களில் நீருக்குள் விழுந்தது. உயிரிழப்பு இல்லை.

அதே மாத இறுதியில் இன்னொன்றும் நடந்தது. அணையால் எர்தோ மக்களுக்கு ஆபத்து என்று எழுதியதற்காக, பொது அமைதியைக் குலைக்கும் பொய்ச் செய்தி பரப்பியவர் என்று வழக்குத் தொடரப்பட்டிருந்த ஒரு பெண் செய்தியாளரை மிலான் நீதிமன்றம் விடுதலை செய்தது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

நவம்பர் சரிவுக்குப் பின் நீர்மட்டம் 600 மீட்டருக்கு மெதுவாக இறக்கப்பட்டது. சரிவின் வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. அழைக்கப்பட்ட ஆஸ்திரியப் பாறைப் பொறியியல் வல்லுநர், நகர்வது ஏறத்தாழ 20 கோடி கனமீட்டர் என்று 1961 பிப்ரவரியில் மதிப்பிட்டார். அதாவது, அணையின் முழுக் கொள்ளளவைவிடப் பெரிய பாறைத்திரள். அதைக் கட்டி நிறுத்துவதோ, காங்கிரீட் செலுத்தி இறுக்குவதோ, வடிகால் சுரங்கம் வெட்டி உலர்த்துவதோ நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று கைவிடப்பட்டன. மிஞ்சியிருந்தவை இரண்டு வழிகள்: நீர்த்தேக்கத்தையே விட்டுவிடுவது, அல்லது மலையை மெதுவாக, அடக்கத்தோடு இறங்கவைப்பது. இரண்டாவது தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதன் தொடர்ச்சியாக மூன்று பணிகள் நடந்தன. சரிவு ஏரியை இரண்டாகப் பிளந்துவிட்டால் மேற்புற நீர் அணையை அடைய வேண்டும் என்று எதிர்க்கரைப் பாறையில் ஏறத்தாழ 2 கி.மீ. நீளத்திற்கு ஒரு மாற்றுச் சுரங்கம் வெட்டப்பட்டது. சரிவின் மீது அளவுக்குறிகளும், நிலத்தடி நீரழுத்தத்தை அறியச் சில துளைகளும் வைக்கப்பட்டன. 1:200 அளவில் ஒரு நீரியல் மாதிரி கட்டி, சரளைக் கற்களைச் சரியவிட்டு அலையின் உயரம் அளக்கப்பட்டது. அந்தச் சோதனை 4 கோடி கனமீட்டர் சரிவை எடுத்துக்கொண்டது. நீர்மட்டம் 700 மீட்டரில் இருக்கும்வரை, எண்ணிப்பார்க்கக்கூடிய மிக மோசமான சரிவும் ஆபத்தில்லை என்ற முடிவை 1962இல் தந்தது. மலையின் மீதிருந்த மதிப்பீடு 20 கோடி. தொட்டியில் சோதிக்கப்பட்டது 4 கோடி. சரிவு பகுதி பகுதியாகவே விழும் என்ற எண்ணம் இந்த இடைவெளியை நிரப்பியது. அந்த எண்ணத்திற்கு 1960 நவம்பர் சரிவைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இரண்டாம் நிரப்பல்

1961 அக்டோபரில் மீண்டும் நீர் ஏற்றப்பட்டு, 1962 இறுதியில் 700 மீட்டர் எட்டப்பட்டது. சரிவின் வேகம் நாளொன்றுக்கு 1.2 செ.மீ. அளவிற்கு உயர்ந்தது. மட்டத்தை 650க்கு இறக்கியதும், 1963 வசந்தத்தில், நகர்வு ஏறத்தாழ நின்றுவிட்டது.

இந்தக் கட்டத்தில் சற்று நிற்க வேண்டும். அளவீட்டாளர்களின் கையில் இப்போது இரண்டு சுற்றுத் தரவுகள் இருந்தன. இரண்டும் ஒரே கதையைச் சொல்லின. நீர் ஏறினால் மலை நகர்கிறது, இறங்கினால் நிற்கிறது. அது மட்டுமன்று, முதல் சுற்றில் 650 மீட்டரில் வேகமாக நகர்ந்த சரிவு, இரண்டாம் சுற்றில் அதே மட்டத்தில் பெரிதாக அசையவில்லை. இதிலிருந்து, பாறை முதன்முறையாக நனையும்போது மட்டுமே நகர்கிறது, ஒருமுறை நனைந்து அமர்ந்த பகுதி மீண்டும் அதே நீரால் அசைவதில்லை என்ற கருத்து உருவாயிற்று. அப்படியானால் நீரைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மலையை அமரவைத்து, இறுதியில் முழு மட்டத்தையும் எட்டிவிடலாம். நீர்மட்டம் ஒரு வண்டியின் பிரேக்கைப் போலக் கையாளப்பட்டது. தரவுகளைப் புறக்கணித்துத் தவறினார்கள் என்று இவர்களைக் குறை கூற முடியாது. தரவுகளோடு பொருந்திய, ஆனால் சரிவுத்தளத்தை எவரும் கண்ணால் காணாத நிலையில் எழுந்த ஒரு விளக்கத்தை அவர்கள் நம்பினார்கள்.

மூன்றாம் நிரப்பல், 1963

நாட்டின் மின்துறை அரசுடைமையாக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1963இல் அணை பொது நிறுவனத்தின் கைக்கு மாறியது; அதே அலுவலர்கள் அதே பொறுப்பில் தொடர்ந்தனர். முழுமையாகச் சோதித்து முடித்த அணையாக அதை ஒப்படைக்கும் அவசரம் முடிவுகளைப் பாதித்தது என்ற குற்றச்சாட்டு பின்னாளில் வலுவாக எழுந்தது.

ஏப்ரலில் நீர் ஏறத் தொடங்கியது. 700 மீட்டர் வரையில் நகர்வு சிறிதாகவே இருந்ததால் கருத்து மூன்றாம் முறையும் மெய்ப்பட்டதாகத் தோன்றியது. செப்டம்பர் தொடக்கத்தில், பாதுகாப்பானது எனக் கொள்ளப்பட்ட மட்டத்தைத் தாண்டி, 710 மீட்டர் எட்டப்பட்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மலையில் நல்ல மழை. நகர்வு நாளொன்றுக்கு 3.5 செ.மீ. ஆயிற்று. செப்டம்பர் பிற்பகுதியில், முன்பு இரு முறை பயன்பட்ட அதே வழி மீண்டும் கையாளப்பட்டது: நீர் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் அளவில் இறக்கப்பட்டது. இம்முறை மலை நிற்கவில்லை. மட்டம் இறங்க இறங்க வேகம் ஏறி, அக்டோபர் 9ஆம் தேதி நாளொன்றுக்கு 20 செ.மீ. வரை போயிற்று.

கடைசி நாட்களில் அளவுக்கருவி வேண்டியிருக்கவில்லை. சரிவில் மரங்கள் சாய்ந்து நின்றன. தென்கரைச் சாலை பிளந்து தாழ்ந்தது. அக்டோபர் 8ஆம் தேதி தொக் மலையில் இருந்தவர்கள் வெளியேற உத்தரவு வந்தது. இரவில் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்க ஒளிவிளக்குகள் மலையை நோக்கித் திருப்பப்பட்டன. அணைக்குக் கீழே, இடுக்கின் வாய்க்கு நேர் எதிரே இருந்த லொங்கரோனே ஊருக்கு வெளியேறச் சொல்லி எவரும் அறிவிக்கவில்லை. மட்டம் 700ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மாதிரிச் சோதனை பாதுகாப்பானது என்று சொன்ன எண் அது.

1963 அக்டோபர் 9, இரவு 10:39

அன்று புதன்கிழமை. ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டம் தொலைக்காட்சியில் வந்ததால், வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் லொங்கரோனேயின் மதுக்கடைகளிலும் காப்பிக்கடைகளிலும் கூடியிருந்தனர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் சிலர் அதற்காகவே இறங்கி வந்திருந்தனர்.

நீர்மட்டம் 700.4 மீட்டர். ஏறத்தாழ 27 கோடி கனமீட்டர் பாறை, 2 கி.மீ. அகலத்தில், பகுதி பகுதியாக அன்றி ஒரே துண்டாக, நொடிக்கு 20 முதல் 30 மீட்டர் வேகத்தில் இறங்கி, ஒரு நிமிடத்திற்குள் பள்ளத்தாக்கை அடைத்து எதிர்க்கரையில் மோதி நின்றது. எழுந்த நீர் எதிர்ச்சரிவில் 200 மீட்டருக்கும் மேலே ஏறிக் காஸ்ஸோவின் கீழ்வீடுகளைத் தொட்டது. அணையின் உச்சிக்கு 100 மீட்டருக்கும் மேலாக எழுந்து, ஏறத்தாழ 2.5 முதல் 3 கோடி கனமீட்டர் நீர் இடுக்கினுள் விழுந்தது. இடுக்கின் வாயில் அலை இன்னும் 70 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதன் முன்னே தள்ளப்பட்டு வந்த காற்றே வீடுகளைப் பெயர்த்தது.

லொங்கரோனேயில் மட்டும் ஏறத்தாழ 1,450 பேர் இறந்தனர். பிராகோ, ரிவால்தா, வில்லனோவா, ஃபாயே ஆகிய சிற்றூர்கள் துடைக்கப்பட்டன. பிராகோவில் தேவாலயத்தின் மணிக்கோபுரம் மட்டும் தனியே நின்றது. ஏரியின் கரையிலிருந்த எர்தோ, காஸ்ஸோ பகுதியில் 158 பேர். மலையைப் பார்த்துக்கொண்டு அணையில் இருந்த பணியாளர்களும் இறந்தனர். அணையின் உச்சிச் சாலை மட்டுமே சேதமுற்றது.

பின் நிகழ்ந்தவை

வழக்கு மலைப்பகுதியிலிருந்து தொலைவிலுள்ள லாக்குயிலா நகருக்கு மாற்றப்பட்டு 1968இல் விசாரணைக்கு வந்தது. விசாரணை தொடங்கும் தறுவாயில் குற்றம் சாட்டப்பட்ட பொறியாளர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பேரழிவு முன்கூட்டியே அறியக்கூடியது என்று கொண்டு, இருவரைக் குற்றவாளிகளாக்கியது. எர்தோவிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் ஒரு பகுதியினருக்காகச் சமவெளியில் கட்டப்பட்ட புதிய ஊர் அதே ஆண்டில் தனி நகராட்சியாயிற்று. அதற்கு வயோன்ட் என்றே பெயர்.

மலை ஏன் அப்படி இறங்கியது

தொக் மலையின் சுண்ணாம்புப்பாறை அடுக்குகள் ஒரு நாற்காலியின் வடிவில் அமைந்திருந்தன: மேலே செங்குத்தாகச் சாயும் முதுகு, கீழே ஏறத்தாழ கிடையான இருக்கை. முதுகிலுள்ள பாறை எப்போதும் கீழே தள்ளுகிறது. இருக்கையில் அமர்ந்துள்ள பாறையின் எடைதான் அதைத் தாங்குகிறது. நீர் ஏறியபோது மூழ்கியது அந்த இருக்கைப் பகுதி. நீருக்குள் பாறையின் எடை குறைந்து, உராய்வும் குறைந்தது. அணை கட்டியவர்கள் அறியாமலே, தாங்கியாக இருந்ததைத்தான் மிதக்கவைத்தார்கள்.

அடுக்குகளுக்கிடையே களிமண் படலங்கள் இருந்தன என்பதை 1985இல் வெளிவந்த விரிவான ஆய்வு உறுதிப்படுத்தியது. பெரும்பாலும் சில செ.மீ. தடிப்பு மட்டுமே கொண்டவை. மழை நாளில் களிமண் வரப்பில் கால் வைத்தவர்களுக்கு அதன் தன்மையைச் சொல்ல வேண்டியதில்லை. முன்பே ஒருமுறை வழுக்கி மழுங்கிய தளம் அது. மலையின் மேற்பகுதியில் பெய்த மழை உள்ளே இறங்கி, களிமண் படலங்களுக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியது. ஆகவே சரிவின் நிலை ஏரியின் மட்டத்தையும் மழையையும் சேர்த்தே சார்ந்திருந்தது. அளவீட்டாளர்களின் வரைபடத்தில் பெரும்பாலும் முதலாவது மட்டும் இருந்தது. ஏரி விரைவாக இறங்கும்போது பாறைக்குள் உள்ள நீர் அதே விரைவில் வடிவதில்லை. வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த நீர் விலக, உள்ளிருந்து தள்ளும் நீர் அப்படியே நிற்கும். பிரேக் என்று நம்பியதை அழுத்தியதே கடைசி நாட்களில் மலையை இளக்கியிருக்கக்கூடும்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப்பகுதியில் 1967இல் நிகழ்ந்தது போன்று, தேக்கிய நீர் ஆழத்திலுள்ள பிளவுகளைத் தூண்டி நிலநடுக்கம் உண்டாக்கும் வகை வேறு. இங்கு நிலநடுக்கம் காரணமன்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பின்னோக்கிப் பார்க்கும்போது, அணையின் உயரத்தைக் கூட்டிய 1957ஆம் ஆண்டு முடிவே மீளாய்வுக்கு உரியது. கரைச்சரிவுகளின் ஆய்வு உயரத்தை முடிவு செய்வதற்கு முன் நடந்திருந்தால், நீர் தேக்கலாமா என்ற கேள்வி காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே எழுந்திருக்கும். அணை எழுந்தபின் வந்த ஒவ்வோர் ஆய்வும், தேக்கத்தான் வேண்டும், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்ற நிபந்தனைக்குள் நடந்தது.

சரிவுத்தளத்தைக் காணாமல் துளையிடுதலை நிறுத்தியது இரண்டாவது. இன்று இத்தகைய சரிவில் சாய்வுமானி (துளை எந்த ஆழத்தில் வளைகிறது என்று காட்டும் கருவி) இறங்கிய துளைகள் நகரும் பாறையைக் கடந்து நகராப் பாறையை எட்டும்வரை ஆழப்படுத்தப்படும். எந்த ஆழத்தில் வெட்டுப்படுகிறது என்பது தெரியாமல் பருமனைப் பற்றிய வாதம் முடியாது. மாதிரிச் சோதனையில் முழுப் பருமனும் ஒருங்கே விழும் நிலையைச் சேர்த்திருக்க வேண்டும். 4 கோடியை எடுத்தது கணக்கின் பிழையன்று, கேள்வியின் பிழை.

மூன்றாவது, கீழே வாழ்ந்தவர்களைப் பற்றியது. வேகம் இவ்வளவைத் தாண்டினால், வல்லுநர் கருத்தைக் கேட்காமலே, மறுபேச்சின்றி ஊர் காலியாக வேண்டும் என்ற எல்லைக்கோடு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கவில்லை. மலையின் வேகம் நாளுக்கு 20 செ.மீ. ஆன அன்றும், லொங்கரோனேயை எழுப்புவதா என்ற முடிவு, நீர் 700க்கு இறங்கிவிட்டால் ஆபத்தில்லை என்று நம்பியவர்களின் கையிலேயே இருந்தது. நாளொன்றுக்கு 1.2 செ.மீ. என்ற 1962ஆம் ஆண்டின் வேகத்தையே எல்லையாக வைத்திருந்தால், செப்டம்பரிலேயே ஊர் காலியாகியிருக்கும். மலை விழாமல் வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேர்ந்திருக்கும். அந்தக் காத்திருப்பின் செலவையும் மக்களின் எரிச்சலையும் ஏற்கும் பொறுப்பு, அணையை இயக்கும் நிறுவனத்திற்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடம் இருக்க வேண்டும்.

1961இல் வெட்டிய மாற்றுச் சுரங்கம் திட்டமிட்டபடியே பயன்பட்டது. சரிவுக்கு மேற்புறம் சிக்கிக்கொண்ட எஞ்சிய ஏரியின் நீர் இன்றும் அதன் வழியாகவே வெளியேறுகிறது.